பௌர்ணமி அன்று ஒரு மண்டபம்

தங்கையின் கல்யாணத்தைத் தாம்பரத்தில் மாப்பிள்ளை வீட்டார் நடத்துவதாக முடிவாகியிருந்தது. பெண் வீட்டு ரிசப்ஷனை மட்டும் எங்கள் ஊரில், திருவண்ணாமலையில், நாங்கள் வைக்க வேண்டும். கல்யாணத்துக்குத்தான் முகூர்த்தம், ரிசப்ஷனுக்கு என்ன, எல்லோருக்கும் வசதியான ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் அம்மாவும் பேசி வைத்திருந்தோம். அதற்குள் சம்பந்தி போன் செய்தார்.

"வைகாசி பௌர்ணமி அன்னைக்கு வச்சிடலாம்மா" என்றார்.

அவரே தொடர்ந்தார். "எங்க சைடுல எல்லாரும் கிரிவலம் வரணும்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காங்க. சாயங்காலம் ரிசப்ஷன். சாப்பிட்டுட்டு அப்படியே மலையைச் சுத்திட்டு, காலைல பஸ் ஏறிடுவோம். ரெண்டும் ஒண்ணா முடிஞ்சிடும்."

அவர் மாதாமாதம் தவறாமல் எங்கள் ஊருக்கு வந்து மலை சுற்றுகிறவர். ஊரைப் பற்றி எங்களைவிட அதிகம் பேசுவார். ஆனால் பௌர்ணமியன்று வருகிறவருக்குத் தெரிந்த ஊர் வேறு, பௌர்ணமியன்று உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரிந்த ஊர் வேறு. நாங்கள் முதல்நாளே பாலும் காய்கறியும் வாங்கி வைத்துக்கொள்வோம். வண்டியை வீட்டுக்குள் ஏற்றி நிறுத்திவிடுவோம். மத்தியானத்துக்கு மேல் ஊருக்குள் வண்டி விட மாட்டார்கள். பஸ்களெல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும். போன் பிடிக்காது. அன்றைக்குப் பிரசவ வலி எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிற கர்ப்பிணிகளை எனக்குத் தெரியும். அந்த நாளில் உள்ளூர்க்காரர் யாரும் மஞ்சள் நீராட்டு விழாகூட வைப்பதில்லை.

"பௌர்ணமி அன்னைக்கு ரோடெல்லாம் அடைச்சிடுவாங்களேங்க" என்று மெல்லச் சொன்னேன். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. மாமா என்றால் அதிக உரிமை எடுத்துக்கொள்வது போலிருந்தது. சார் என்றால் ஆபீஸ் மாதிரி இருந்தது. அதனால் ஒரு 'ங்க'வோடு நிறுத்திக்கொள்வேன்.

"நான் பாக்காத பௌர்ணமியாம்மா? உங்க ஊரு அருமை உங்களுக்கே தெரியல" என்று சிரித்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பேசாதே என்று அர்த்தம். போனை வைத்ததும், "இந்த எடம் தகைஞ்சதே பெருசு. இதுல நீ ரோடு, பஸ்சுன்னு ஒண்ண கெளப்பாத" என்றாள். தங்கைக்குப் போன் போட்டால் அவள், "அக்கா, எனக்கு எதுன்னாலும் ஓகே. நீயே பாத்துக்கோ" என்றாள். அவளுக்குச் சென்னையில் வேலை. என்னைவிடப் பத்து வயது இளையவள். அப்பா போனபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அப்போதிலிருந்து அவள் என்னிடம் அடிக்கடி சொல்லும் வாக்கியம் அதுதான். நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

எனக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு காரணம் இருந்தது, பிறகு காரணம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம், மண்டபம் தேடப் போகிற இடமெல்லாம் இதுவும் எங்களோடு கூடவே வந்தது என்பதுதான்.

அடுத்த சனிக்கிழமை ஸ்கூட்டியில் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். முதலில் தேரடி வீதிப் பக்கம் ஒரு பழைய மண்டபம். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை அங்கேதான் செய்வேன் என்று அம்மா ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்த இடம். அப்பா அதுவரை இருக்கவில்லை. மேனேஜர் எங்களைப் பார்த்ததும் என்னிடம், "பொண்ணு நீங்களா?" என்றார்.

"இல்லங்க, என் தங்கச்சி."

"ஓ" என்றார். அந்த 'ஓ'வை நீட்டாமல் சட்டென்று முடித்துக்கொண்டது அவருடைய மரியாதை. தேதியைக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "பௌர்ணமிக்கா? ஏம்மா, உள்ளூர்தானே நீங்க? எல்லா பௌர்ணமிக்கும் அன்னதானக்காரங்க முன்னாடியே சொல்லி வச்சிருக்காங்க. வெளியூர்ல இருந்து வந்து இங்கயே சமைச்சி, இங்கயே படுத்துக்குவாங்க. அன்னைக்கு ரிசப்ஷன் வச்சா உங்க பொண்ணு மாப்பிள்ளைய யாரு கண்டுபிடிக்கிறது?"

அடுத்தது செங்கம் ரோட்டில், ஆசிரமங்கள் இருக்கிற பக்கம். தோட்டத்தோடு கூடிய சின்ன ஹால், வேப்பமரங்கள், சுத்தமான தரை. அம்மாவுக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. உள்ளே வெள்ளைக்காரர்கள் சிலர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதைக் கவனிக்காமல் அம்மா உரத்த குரலில், "இங்க பேண்டு செட்டு வைக்கலாமா?" என்று கேட்டாள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டாள். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் எங்களை வெளியே அழைத்து வந்து, சத்தம் கூடாது, மைக் கூடாது, செருப்புச் சத்தம்கூட கூடாது என்றார். அவரும் கிளம்பும்போது என்னிடம், "உங்க கல்யாணமா மேடம்? வாழ்த்துகள்" என்றார். அம்மா அவசரமாக, "இவ அக்கா. பொண்ணு மெட்ராஸ்ல இருக்குது" என்றாள். ஏதோ குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்கிற மாதிரி இருந்தது.

அன்றைக்கும் மறுநாளும் இன்னும் பல இடங்கள் பார்த்தோம். ஒன்றில் பந்தி நிலவறையில், படி இறங்க அம்மாவால் முடியவில்லை. ஒன்று கிரிவலப் பாதையிலேயே இருந்தது, பௌர்ணமியன்று வாசலைத் திறக்கவே முடியாது. ஒன்றில் அன்றைக்குச் சாமியார் ஒருவருடைய பக்தர்கள் தங்குகிறார்கள். எல்லா இடத்திலும் அதே கேள்வி வந்தது, அம்மா அதே பதிலைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. வண்டியில் என் தோளைப் பிடித்திருந்த கையில் வியர்வை ஊறியிருந்தது.

கடைசியாக வேங்கிக்காலில் என் ஆபீஸுக்குப் போகிற வழியில் புதிதாகக் கட்டிய ஒரு ஏசி மண்டபம். தினம் பார்த்துக்கொண்டே போவேன், உள்ளே போனதில்லை. வாசலில் கண்ணாடிக் கதவு, பெரிய பார்க்கிங், தரைத்தளத்திலேயே பந்தி. மேனேஜர் என் வயசுக்காரர். பௌர்ணமி என்றதும், "தாராளமா இருக்கு. அன்னைக்கு யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். அந்த வார்த்தைக்குப் பயப்பட வேண்டும் என்றுகூட அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. கிடைத்ததே என்று இருந்தது. பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "பொண்ணு மேடம்தானா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "ஆமா" என்றாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எதிர்ச் சுவரில் இருந்த ஏசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். களைப்பில் சொன்னாளா, இல்லை அந்தக் கேள்வி ஒரு தடவையாவது அப்படி முடியட்டும் என்று சொன்னாளா, தெரியவில்லை. நான் திருத்தவில்லை. திருத்தினால் அவள் பொய் சொன்னதாக ஆகிவிடும்.

அதற்குப் பிறகு அந்த மேனேஜர் எல்லாவற்றையும் என்னிடமே கேட்டார். மேடைக்கு எந்த நிறப் பூ வேண்டும்? பின்னால் பேரை எழுத்தாக வைக்கலாமா, விளக்காக வைக்கலாமா? உள்ளே வரும்போது புகை விடலாமா? "உங்க இஷ்டம்தான் மேடம், உங்க நாளு அது" என்றார். நான் வெள்ளையும் ரோஸும் என்றேன். தங்கைக்கு அது பிடிக்கும். மணமகள் அறையைத் திறந்து காட்டினார். சுவர் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றி பல்புகள். எல்லாவற்றையும் போட்டுவிட்டு, "உக்காந்து பாருங்க, வெளிச்சம் போதுமான்னு" என்றார். உட்கார்ந்தேன். ஸ்கூட்டியில் வந்த தூசியோடு, கலைந்த முடியோடு என் முகம் அத்தனை வெளிச்சத்தில் தெரிந்தது. கம்மி என்று சொல்ல முடியாத வெளிச்சம். "போதும்" என்று எழுந்துகொண்டேன். வெளியே வந்து வண்டியை எடுத்தேன். அம்மா பின்னால் ஏறிக்கொண்டு, "பார்க்கிங் நல்லா இருக்குதுல்ல" என்றாள். ஆமாம் என்றேன்.

புக்கிங் பண்ண ஆண்கள் யாராவது வந்தால் நல்லது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஓனருக்கு அப்படித்தானாம். அதற்காகப் போளூரிலிருந்து மாமாவை, அம்மாவின் தம்பியை, வரவழைத்தோம். மாமா வந்தார், பார்க்கிங்கைச் சுற்றிப் பார்த்தார், ஜெனரேட்டரைத் தட்டிப் பார்த்தார், எதிர்க்கடையில் வடை சாப்பிட்டார், கையெழுத்துப் போட்டார். மேனேஜர் அவரிடம், "பொண்ணு ரொம்ப அமைதி சார்" என்று என்னைக் காட்டிச் சொன்னதை மாமா எப்படி எடுத்துக்கொண்டாரோ, "ஆமா, எங்க வீட்டுப் பொண்ணுங்க எல்லாம் அப்படித்தான்" என்றார்.

சம்பந்தி இடம் பார்க்க வந்தது அதற்கு அடுத்த வாரம். வந்து இறங்கியதும் நாலாபக்கமும் திரும்பிப் பார்த்து, "கோயில் எங்கயோ இருக்கு, இது எங்கயோ இருக்கே" என்றார். ஊருக்குள் இடமே இல்லை என்பதைச் சொன்னேன். வண்டி விட மாட்டார்கள் என்பதையும் மறுபடி சொன்னேன். "இங்க இருந்து மலை தெரியுமா?" என்றார். தெரியும். பார்க்கிங்கின் மூலையில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். அங்கே அழைத்துப் போனேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டு முடித்துத் திரும்பியபோது முகம் மாறியிருந்தது. "இதே இருக்கட்டும்மா. இதைவிட இன்னா வேணும்?" என்றார். எங்கள் ஊருக்கு வந்துவந்து அவருக்கு அந்த 'இன்னா' ஒட்டிக்கொண்டிருந்தது. அவர்மேல் கோபப்பட முடியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. கோபப்படுகிற மாதிரி அவர் ஒன்றுமே செய்யவில்லை. சந்தோஷமாக இருந்தார், அவ்வளவுதான்.

கல்யாணம் தாம்பரத்தில் நல்லபடியாக முடிந்தது. நானும் அம்மாவும் அன்று சாயங்காலமே பஸ் ஏறித் திரும்பிவிட்டோம். மறுநாள் விட்டு அதற்கு மறுநாள் பௌர்ணமி.

ஆபீஸில் எனக்கு லீவு கொடுத்தார்கள். கொடுக்கும்போதே, "நாங்க யாரும் வர முடியாதும்மா, எல்லாருக்கும் பௌர்ணமி டூட்டி" என்றார்கள். மேடை அலங்காரக்காரரை விடியற்காலையிலேயே வரச் சொன்னதால் அவர் வந்து சேர்ந்துவிட்டார். வெள்ளையும் ரோஸும் நன்றாகவே இருந்தது. சமையல்காரரும் முதல்நாளே வந்து மண்டபத்தில் படுத்துக்கொண்டார். அம்மா வழிச் சொந்தக்காரர்கள் சுற்றுவட்ட ஊர்களிலிருந்து மத்தியானப் பஸ்ஸிலேயே வந்து, நாற்காலிகளில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் நினைத்ததைவிட ஒழுங்காக வந்துவிட்டார்கள். வராதவர்கள் பெண்ணும் மாப்பிள்ளையும்தான்.

அவர்கள் காலையிலேயே காரில் கிளம்பியிருக்க வேண்டும். சொந்தக்காரர்களின் இரண்டு பஸ்ஸும் கூடவே வரவேண்டும் என்று சம்பந்தி சொன்னதால் காத்திருந்திருக்கிறார்கள். பஸ் வர நேரமானது. கீழ்பென்னாத்தூரைத் தாண்டிவிட்டதாக நாலு மணிக்குத் தங்கை சொன்னாள். அடுத்த போன் சம்பந்தியிடமிருந்து வந்தது.

"வந்துட்டோம்மா. இங்கதான் ஏதோ வயல்ல வண்டியை நிறுத்தச் சொல்றாங்க."

"நிறுத்தாதீங்க. வேங்கிக்கால் மண்டபம்னு சொல்லுங்க. பத்திரிகையைக் காட்டுங்க."

பின்னால் யாரிடமோ அவர் பத்திரிகையைக் காட்டுவது கேட்டது. ஒரு குரல், "எல்லாரும் இதையேதான் சார் சொல்றாங்க. போங்க, போங்க, பின்னாடி வண்டி நிக்குது" என்றது. அதோடு லைன் கட்டானது. பிறகு யாருக்கும் போன் போகவில்லை. போட்டால் நாம் போட்டோமா இல்லையா என்பதுகூடத் தெரியாத ஒரு அமைதி.

மாமா, "நான் போய்க் கூட்டிக்கிட்டு வரேன்" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனார். அவரும் திரும்பவில்லை.

ஐந்து மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய ரிசப்ஷனில் ஆறு மணிக்கு மேடை காலியாக இருந்தது. பாட்டுப் பாடுகிறவர்கள் இரண்டு தடவை வணக்கம் சொல்லிவிட்டுப் பக்திப் பாட்டுகளைப் பாட ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் எல்லாம் என்னிடம் வந்து, "பொண்ணு எங்க?" என்றார்கள். "வந்துக்கிட்டு இருக்காங்க." "எங்க வந்துக்கிட்டு இருக்காங்க?" "பக்கத்துல." அம்மா திரும்பிப் போக வேண்டியவர்களைச் சாப்பிட அனுப்பினாள். அவர்கள் சாப்பிட்டுவிட்டு, மேடையில் இருந்த இரண்டு பெரிய நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, மொய்க் கவரை அம்மா கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். "நடந்தே போனாத்தான் பஸ்ஸைப் பிடிக்க முடியும், தப்பா நெனச்சிக்காத" என்றார்கள். என்ன தப்பாக நினைப்பது?

அந்த நேரத்தில்தான் போட்டோக்காரர் என்னைக் கூப்பிட்டார். "அக்கா, லைட் செட் பண்ணணும். அவங்க வந்த உடனே எடுத்துடலாம். ஒரு நிமிஷம் அந்தச் சேர்ல உக்காருங்க." வேறு யாரையாவது கூப்பிடுங்கள் என்றேன். "பட்டுப்புடவை கட்டினவங்க உக்காந்தாத்தான் தெரியும்க்கா" என்றார். சுற்றிலும் பட்டுப்புடவை கட்டியவர்கள் வயதான அத்தைகள்தான். ஏறி உட்கார்ந்தேன். பெரிய விளக்குகள் இரண்டும் ஒரே சமயத்தில் எரிந்ததும் எதிரே கூடம் மறைந்துபோனது. யாருமே இல்லாத மாதிரி, வெறும் வெள்ளையாக இருந்தது. கொஞ்சம் நிமிருங்க, இடப்பக்கம் திரும்புங்க என்று அவர் சொன்னபடியெல்லாம் செய்தேன். பாட்டு நின்றிருந்தது.

அந்த வெள்ளைக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "எறங்குடி. இன்னா பண்ணிக்கிட்டு இருக்கிற அங்க? எறங்கு."

சத்தமாகக்கூட இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன குரல். இறங்கினேன். கண் இருட்டிக்கொண்டு வந்ததால் படியைத் தடவித்தான் இறங்க வேண்டியிருந்தது. முன்வரிசையில் இருந்த அத்தைகள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நின்றேன். என் புடவை முந்தானையில் ஒட்டியிருந்த பூவிதழ் ஒன்றை எடுத்துப் போட்டாள். அப்போதுதான் வெளியே இடி இடித்தது.

வைகாசி மழை அப்படித்தான், சொல்லாமல் வரும். எங்கள் மண்டபத்தின் முன்னால் தற்காலிகப் பஸ் நிலையத்திலிருந்து கோயிலை நோக்கி நடக்கிற கூட்டம் ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. மழை விழுந்ததும் முதலில் பத்துப் பேர் போர்ட்டிகோவுக்குள் வந்தார்கள். பிறகு போர்ட்டிகோ நிறைந்தது. வாட்ச்மேன் போகச் சொன்னார், அவர்கள் எங்கே போவது? குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெண் என்னிடம், "பாத்ரூம் எங்கம்மா?" என்றாள். காட்டினேன். அவள் திரும்பி வருகிற வழியில் பந்தி இருந்தது. இலை போட்டிருந்தது, பக்கத்தில் பரோட்டா குருமா வாசனை, யாரும் உட்காரவில்லை. அவள் உட்கார்ந்துவிட்டாள். பௌர்ணமியன்று இந்த ஊரில் இலை போட்டிருந்தால் அது அன்னதானம். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. கையைக் காட்டித் தன் வீட்டுக்காரரையும் கூப்பிட்டாள். அவருக்குப் பின்னால் கூட்டம் வந்தது.

நாங்கள் சாப்பாடு போட்டோம் என்று பிற்பாடு சிலர் பெருமையாகச் சொன்னார்கள். அப்படிச் சொல்ல முடியாது. அவர்கள் உட்கார்ந்தார்கள், அதுதான் நடந்தது. சமையல்காரர் கரண்டியோடு என்னிடம் ஓடிவந்து, "இன்னா செய்யறது? மாப்பிள்ளை வீட்டுக்கு வச்சது இது" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பந்தியைப் பார்த்தாள். இலைக்கு முன்னால் தண்ணீர் தெளித்துவிட்டு, ஈரத்தலையோடு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறவர்களை எழுந்திரு என்று எப்படிச் சொல்வது? "போடுங்க" என்றாள். சொல்லிவிட்டு அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "தங்கமான சாப்பாடும்மா இது, எந்த மகராசன் போடறாரு?" என்று சாப்பிடுகிறவர் ஒருவர் ரசமலாயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

மழை விட்ட பிறகு மாமாவின் பைக் வந்தது. பின்னால் தங்கை. ரிசப்ஷனுக்கு என்று ஆசையாக எடுத்த புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, நனைந்த பூவோடு, மாமாவின் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். கார் வயலிலேயே நிற்கிறதாம். மாமா அவளை விட்டுவிட்டு மாப்பிள்ளையைக் கொண்டுவர மறுபடி போனார்.

"உன் மாமனார் எங்கடி?" என்றாள் அம்மா.

"நேரமாயிடுச்சு, நிலா வந்துடுச்சு, ரிசப்ஷன் எங்க போயிடப் போவுது, முதல்ல மலையைச் சுத்திட்டு வந்துடலாம்னு எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரும்மா." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நான் அவளை மணமகள் அறைக்குக் கூட்டிப் போய்த் தலை துவட்டினேன். மேக்கப் போட வர வேண்டிய பெண்ணும் வரவில்லை. என் பவுடரையும் என் மையையும் வைத்து என்னால் ஆனதைச் செய்தேன். "எப்படி இருக்கேன்?" என்றாள். "நல்லா இருக்கடி" என்றேன். மாப்பிள்ளை வருகிறவரை அவள் மேடையில் தனியாக நின்றாள். போட்டோக்காரர் அவளைத் தனியாக நிறைய படம் எடுத்தார். மாப்பிள்ளை வந்தபோது பாட்டுக்காரர்கள் பெட்டியைக் கட்டிவிட்டிருந்தார்கள். மேடை ஏறி இருவரையும் வாழ்த்தியவர்களில் பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டு வந்த யாத்ரீகர்கள். அவர்கள் மேடையைப் பார்த்ததும் கல்யாண வீடு என்று புரிந்துகொண்டு, கூச்சத்தோடு வரிசையாக வந்து, இடுப்பில் சுருட்டி வைத்திருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு பேர் நெற்றியிலும் பூசிவிட்டுப் போனார்கள். தங்கையின் நெற்றி வெள்ளையாகிவிட்டது. அவள் துடைக்கவில்லை. எல்லோருக்கும் தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தியும் அவர் ஆட்களும் மறுநாள் விடிந்த பிறகு வந்தார்கள். வெறுங்காலோடு, கால் வீங்கி, நொண்டிக்கொண்டு, பசியோடு. அதே நேரத்தில் அடுத்த விசேஷத்துக்காரர்கள், ஒரு காதுகுத்து, பாத்திரம் பண்டங்களோடு மண்டபத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் என்னிடம் வந்து, "மேடம், ஹாலைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க" என்றார். ராத்திரி அவர் மண்டபத்தில் இல்லை. எனக்குப் பக்கத்தில் தாலியும் மெட்டியுமாக நின்றிருந்த தங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சமையலறையில் ஒரு பிடி சோறு மிச்சமில்லை. நானும் மாமாவும் ரோட்டோரத்து இட்லிக் கடைக்கு ஓடினோம். அந்தக் கடைக்காரம்மா வைத்திருந்த அத்தனை இட்லியையும், சட்னிப் பாத்திரத்தோடு வாங்கிக்கொண்டு வந்து, பார்க்கிங்கில் தரையில் வரிசையாக உட்கார வைத்துப் பரிமாறினோம். மாப்பிள்ளை வீட்டு ரிசப்ஷன் விருந்து அதுதான். குறை சொல்வார்கள் என்று அம்மா நடுங்கிக்கொண்டிருந்தாள். ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு பசி.

சம்பந்தி மட்டும் கால் வலியில் தரையில் உட்கார முடியாமல் ஒரு நாற்காலியில் இருந்தார். "மழையில நனைஞ்சுக்கிட்டே சுத்தினோம்மா. அப்படி ஒரு தரிசனம் வாழ்க்கையில பாக்கல" என்றார். பிறகு நான் சட்னி ஊற்றக் குனிந்தபோது, குரலைத் தாழ்த்தி, "உனக்காகவும் வேண்டிக்கிட்டேன். அடுத்தது உனக்குத்தான். அண்ணாமலையார்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார்.

அவர் கண்ணில் அப்படி ஒரு பரிவு. அத்தனை தூரம் வீங்கிய காலோடு நடந்தவர் என்னை நினைத்துக்கொண்டும் கொஞ்ச தூரம் நடந்திருக்கிறார். "சரிங்க" என்றேன். "இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டுங்களா?"

"வை" என்றார்.

வயலில் நின்ற பஸ்கள் ஒருவழியாக வந்தன. தங்கை காரில் ஏறினாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். தூங்காத களைப்பில், கார் கிளம்புவதற்குள் மாப்பிள்ளையின் தோளில் தலை சாய்ந்து தூங்கிவிட்டாள். கையசைக்க எங்களுக்கு ஆளில்லை. மாப்பிள்ளை மட்டும் அவள் தலை ஆடாமல் பிடித்துக்கொண்டு, மெல்லக் கையைத் தூக்கினார்.

அடுத்த நாள் ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டு விசேஷம் முடிந்து வருகிறவர்கள் செக்ஷனுக்கு இனிப்பு கொண்டுபோவது எங்கள் ஆபீஸில் வழக்கம். எங்களிடம் ஒன்றும் மீதியில்லை. ஆபீஸுக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் மைசூர்பாகும் மிக்சரும் வாங்கி, கடைப் பெட்டியைப் பிரித்து வீட்டு டப்பாவில் மாற்றிக்கொண்டேன். எல்லோர் மேஜையிலும் வைத்தேன்.

"சாரிம்மா, டூட்டியில மாட்டிக்கிட்டோம். ராத்திரி பூரா பஸ் நிலையத்துல நின்னோம்" என்றார் சூப்பிரண்டென்ட். "ரிசப்ஷன் எப்படி நடந்துச்சு? கூட்டம் வந்துச்சா?"

"நல்ல கூட்டம் சார்" என்றேன்.

அவர் மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு, "வீட்ல செஞ்ச மாதிரி இருக்குதே" என்றார். நான் என் இடத்துக்குப் போய், அன்றைய தபாலைப் பிரிக்க ஆரம்பித்தேன்.